பொட்டு வைக்காத இரும்பு

அத்தியாயம் 6

மலைமேல் செத்துக் கிடந்த மெஷின் ஒன்று எழுந்து அழுதது என்று ஆடு விற்க வந்த செல்வம்மாள் சூளகிரிச் சந்தையில் சொன்னபோது, சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் சம்பங்கி ஒருவர்தான். ஊர் சிரிக்கிற சரக்கு மலிவாகக் கிடைக்கும் என்பது அவர் தொழில் ரகசியம். ஓசூரில் டயர் கடைக்கு மேலே ஒற்றை அறையில் துப்பறியும் நிலையம் திறப்பதற்கு முன் அவர் மாட்டுத் தரகர். பல்லைப் பிடித்துப் பார்த்து மாட்டின் வயசு சொன்னவர், இப்போது முகத்தைப் பார்த்துப் பொய்யின் வயசு சொல்கிறார். பழைய தொழிலிலிருந்து அவர் கூட எடுத்துவந்தது தோளில் கிடக்கும் பச்சைத் துண்டு ஒன்றுதான்.

எந்த நாளில் அழுதது என்று செல்வம்மாளிடம் கேட்டுப் பார்த்தார். ஆட்டுக்குக் கிழமை தெரியுமா, அது பின்னால் போகிற எனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். கிர்ர்க் கிர்ர்க் என்று பல்சக்கரம் கடிக்கிற சத்தம், பழைய கல் குவாரி இருக்கிற உச்சியிலிருந்து வந்தது, அவ்வளவுதான் தெரியும் என்றாள். சம்பங்கிக்கு அது போதும்.

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், குதிரைமூக்கு மலையின் ஒற்றையடிப் பாதையில், வேட்டியை மடித்துக் கட்டி, கீழே கான்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு அவர் முன்னால் ஏற, பின்னால் பேச்சியம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

பேச்சியம்மாள் அவருடைய ஒரே உதவியாளர். அம்பாசமுத்திரத்துக்காரி. ஓசூருக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் பத்து வருஷம் ஸ்குரூ முடுக்கினாள். அந்த லைனை மூடிவிட்டார்கள். அவள் வாயை மூட யாராலும் முடியவில்லை. அவள் சம்பங்கியிடம் சேர்ந்த நாளிலிருந்து ஓசூரில் பாதிக் கல்யாணங்கள் அவள் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்துச் சொன்ன பிறகு நடக்கின்றன. மீதிப் பாதி, விசாரித்துச் சொன்னதால் நடக்கவில்லை.

"மலை ஏறணும்னு சொன்னீய, சரி. இது மலை இல்ல அண்ணாச்சி, செவுரு. செவுத்துல பல்லிதான் ஏறும்."

"பல்லி பேசாம ஏறும்மா," என்றார் சம்பங்கி, திரும்பாமல்.

அவளுக்கும் பின்னால் மூன்றாவதாக ஒருவர் வந்தார். ஹரீஷ்குமார், பிரேக் பாகம் செய்கிற ஓசூர்க் கம்பெனி ஒன்றின் புரொடக்ஷன் மேனேஜர். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பெங்களூர் மாலில் வாங்கிய மலையேறும் ஷூ, தோளில் நீலப் பை. திருட்டுப் போன டையை அடையாளம் காட்டக் கம்பெனி ஆள் ஒருவர் வேண்டுமே என்று தாமாகவே முன்வந்து ஞாயிற்றுக்கிழமையைத் தியாகம் செய்திருந்தார்.

காணாமல் போனது அந்த டைதான். தகட்டை உள்ளே வைத்து மேலிருந்து பிரஸ் இறங்கினால், குழியிலிருந்து பணியாரம் வருவதுபோல் பிரேக் பாகம் ஒன்று வந்து விழும். அதற்கான இரும்பு அச்சு. எருமைக்கன்றின் கனம் இருக்கும். அதை வைத்திருக்கிறவன் அதே பாகத்தை வேறு பெட்டியில் போட்டு எந்தக் கடையிலும் விற்கலாம். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து கம்பெனி கதவைத் திறந்தபோது, டூல் ரூமில் அது இருந்த இடம் காலி. விடுமுறை முழுக்கச் சாவி டூல் ரூம் ஆனந்திடம் இருந்தது. வேறு என்ன வேண்டும்? நேற்றிலிருந்து ஆனந்த் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். நாளைக் காலையில் கம்பெனியில் விசாரணை. அதற்குள் டை கிடைக்காவிட்டால் வேலையும் போகும், வழக்கும் வரும்.

அவன் மனைவி மேகலா டயர் கடை மாடிப்படி ஏறி வந்து அழவில்லை. நாற்காலியில் உட்காரவும் இல்லை. நின்றபடியே சொன்னாள்:

"வேலை போனா வேற வேலை தேடிக்கலாங்க. திருடன்னு பேரு வந்துட்டா இந்த ஊர்ல எந்த கேட்டும் அவருக்குத் தெறக்காது."

சம்பங்கி அன்று ஃபீஸ் பற்றிப் பேசவே இல்லை. அவரிடம் வேலை பார்க்கிற இத்தனை காலத்தில் பேச்சியம்மாள் அப்படி ஒரு அதிசயத்தைக் கண்டது அதுதான் முதல் தடவை.

பாதையின் இரண்டு பக்கமும் சீத்தாமரங்கள். பழுத்து வெடித்த பழங்களைக் குரங்குகள் பாதி தின்று பாதி எறிந்திருந்தன. கீழே தெரிந்த உலகம் அழகாகத்தான் இருந்தது. ஏரி ஒன்று தகடாய் மின்னியது. ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கொட்டகைகள் வெள்ளை வெள்ளையாய்ப் படுத்திருந்தன. ஹைவேயில் லாரிகள் கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து ஓசூருக்கு ஊர்ந்தன. பூஜை அன்றிலிருந்து காவிரிக்காகக் கர்நாடகப் பக்கம் பந்த். அத்திப்பள்ளிக்கு அப்பால் ஒரு சைக்கிள்கூட நகராமல் கிடந்து, இன்றைக்குத்தான் எல்லை திறந்திருந்தது. அடைத்துவைத்த வண்டியெல்லாம் ஒன்றாக அவிழ்ந்து ஓடிக்கொண்டிருந்தது.

ஹரீஷ்குமார் இதையெல்லாம் நின்று ரசித்தார். இந்த மலைப்பக்கம் தாம் வந்ததே இல்லை, பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி என்றார். பேச்சுவாக்கில் தம் சொந்த ஊர் மத்தூர் என்றும் சொன்னார். உடனே சம்பங்கியின் முகம் மலர்ந்துவிட்டது. மத்தூர் சந்தையில் மாடு பிடித்த கதையை அவர் ஆரம்பிக்க, தம் அப்பாவும் அந்தச் சந்தையில் துண்டு போட்டு மாட்டு விலை பேசியவர்தான் என்று மேனேஜர் பெருமையாகச் சொல்ல, இரண்டு பேரும் பங்காளிகள்போல் ஆகிவிட்டார்கள். பேச்சியம்மாள் ஒரு சீத்தாப்பழத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தாள்.

"நீங்களே சொல்லுங்க, மேனேஜர் சார்," என்றார் சம்பங்கி, நடந்துகொண்டே. "ஆனந்து எப்பிடி?"

ஆனந்த் நல்ல பையன்தான் என்றார் ஹரீஷ்குமார், மிக வருத்தமாக. மகளுக்குக் காது குத்தவென்று சிங்காரப்பேட்டைக்குப் போய், பூஜை அன்று ராத்திரிதான் திரும்பி வந்தான். வந்ததும் தாமே அவன் கையில் சாவியைக் கொடுத்ததாகச் சொன்னார். அப்போது டை இருந்ததா என்று சம்பங்கி கேட்டார்.

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க. சாயங்காலம் பூஜை. கம்பெனில காஸ்ட்லி டை அதுதான். அதுக்கு என் கையால சந்தனம் வச்சு, பொட்டு வச்சு, சூடம் காட்டினேன். எழுதியே குடுத்திருக்கேன். அதுக்கப்புறம் சாவி அவன்கிட்ட. நான் என்ன சார் பண்றது?"

சம்பங்கி வருத்தமாகத் தலையாட்டினார். மாடு வாங்க வந்தவர்கள் மாட்டைக் குறை சொல்லும்போதும் அவர் இப்படித்தான் தலையாட்டுவார் என்று பேச்சியம்மாளுக்குத் தெரியும்.

பாதி மலையில் ஒரு இரும்புத் தூண் நின்றது. குவாரி ஓடிய காலத்தில் கம்பி வடம் போட்டுக் கல் இறக்கிய கோபுரம். இப்போது அதன் உச்சியில் பருந்துக் கூடு. அந்த இடத்தில் ஹரீஷ்குமார் செல்போனை எடுத்தார், பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தார், பையில் போட்டார். பேட்டரி கம்மி என்றார், யாரும் கேட்காமலே.

அதற்கு மேலே பாதை ஒரு பாறையைச் சுற்றித் திரும்பியது. திரும்பிய உடனே பேச்சியம்மாளின் இடுப்பில் போன் இரண்டு தரம் கீச்சிட்டது. எடுத்துப் பார்த்தாள். குறுஞ்செய்தியில் கர்நாடகம் அவளை அன்போடு வரவேற்றிருந்தது.

"காலு ரெண்டும் தமிழ்நாட்டுல நிக்கி. போனு மட்டும் பெங்களூர் போயிட்டு."

"ரோமிங்," என்றார் சம்பங்கி, பதறிப்போய்த் தம் போனையும் தடவிப் பார்த்துக்கொண்டு. "யாரு கூப்ட்டாலும் எடுக்காத. எடுத்தாலே காசு." பிறகு பாறையைத் திரும்பிப் பார்த்தார். கீழே இருந்த இரும்புத் தூணைப் பார்த்தார். மேலே நடந்தார்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே குவாரி வாய் பிளந்து கிடந்தது. மலையைக் கேக் வெட்டுவதுபோல் சதுரம் சதுரமாக வெட்டி, நடுவில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வெட்டிய குழியில் பச்சைத் தண்ணீர். கரையில் வீட்டளவு கிரானைட் கட்டைகள், பக்கத்தில் வெள்ளை பெயிண்ட்டில் எண்கள். கப்பலேறி ஜப்பானுக்கோ இத்தாலிக்கோ போயிருக்க வேண்டியவை. முடி அளவு விரிசலுக்காகக் கழித்துப் போடப்பட்டு, ஓணானுக்கு வெயில் காயும் இடமாகிவிட்டன. உண்ணிச்செடி எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருந்தது. கம்ப்ரஸர் ஷெட்டின் கூரையை யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே கம்ப்ரஸர், ஒரு டீசல் எஞ்சின், துளை போடும் மெஷின் இரண்டு, எல்லாம் துருவேறிச் செங்கல் நிறத்தில் உட்கார்ந்திருந்தன.

ஹரீஷ்குமார் ஷெட்டை ஒரு சுற்றுச் சுற்றிவந்து கைகளைத் தட்டினார். ஒன்றுமில்லை, ஆட்டுக்காரப் பொம்பளை பேச்சைக் கேட்டு வந்தது தப்பு, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடலாம் என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"தாராளமா இறங்கலாம். இவ்வளவு தூரம் வந்ததுக்கு அந்த வீட்டையும் ஒரு எட்டுப் பாத்துரலாம்," என்றார் சம்பங்கி.

வீடு என்று அவர் சொன்னது வின்ச் ரூமை. கல் கட்டடம். கதவு கிடையாது. வாசலில் கால் வைத்ததும் பேச்சியம்மாளின் செருப்பு எதன்மீதோ வழுக்கியது. குனிந்து பார்த்தாள். காய்ந்துகொண்டிருந்த பூசணிக்காய்த் துண்டுகள். உள்ளே குங்குமம் அப்பிச் சிவந்திருந்தன. கொஞ்சம் தள்ளி, எறும்பு வரிசை ஒன்று பொரியையும் பொட்டுக்கடலையையும் சுமந்துகொண்டு ஊர்வலம் போனது. தரையில் சூடம் எரிந்த கறுப்பு வட்டம்.

வின்ச் நடுவில் நின்றது. கையால் சுற்றுகிற பெரிய உருளை, பல்சக்கரம், இரும்பு வடம். ஷெட்டில் இருந்த எல்லாவற்றையும்போல் அதுவும் துருப்பிடித்ததுதான். ஆனால் அதன் நெற்றியில் மூன்று விரல் சந்தனம், நடுவில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். பல்சக்கரத்தில் புது கிரீஸ். கைப்பிடியில் வாடிய செவ்வந்தி மாலை.

பேச்சியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைச் சுற்றிவந்தாள்.

"செத்த மெஷினுக்கு யாரும் பொட்டு வைக்க மாட்டாவ அண்ணாச்சி. ஷெட்டுல அத்தனை கெடக்கு, ஒண்ணுக்காவது வச்சிருக்கா? இது வேலை பாக்குத மெஷினு."

"அதான்மா," என்றார் சம்பங்கி. அவர் குரலில் தேன் சொட்டியது. "திருட வந்தவன், விரல்ரேகை விழக்கூடாதுன்னு கையில துணி சுத்தியிருப்பான். டெம்போ நம்பருக்குச் சேறு பூசியிருப்பான். எல்லாம் யோசிச்சவன், பூஜை அன்னிக்கு வின்ச்சுக்குப் பொட்டு வைக்காம தொட மட்டும் பயந்துட்டான். பழைய வடம். அறுந்தா கை போவும். சாமிக்குப் பயந்து போலீசுக்கு வழி காட்டிட்டுப் போயிருக்கான்."

கடப்பாரை ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. அதற்கும் பொட்டு. இரண்டு மரக்கட்டை, ஒரு சங்கிலி, அவற்றுக்கும் பொட்டு. வின்ச்சின் வடம் பின்பக்கத் திறப்பு வழியாக வெளியே போனது. அதைப் பிடித்துக்கொண்டே போனார்கள். மலையின் மறுபக்கச் சரிவு அங்கே ஆரம்பித்தது. பழைய டிராலித் தண்டவாளம் புல்லுக்குள் செங்குத்தாக இறங்கி, அடியில் ஒரு செம்மண் வண்டித் தடத்தில் முடிந்தது. அந்தத் தடம் கர்நாடகம். நடுவில் செக்போஸ்ட் இல்லை. பில் எங்கே என்று கேட்க ஒரு ஆள் இல்லை.

தண்டவாளத்தின் தலைமாட்டில் டிராலி நின்றது, அதன் சக்கரத்துக்கும் பொட்டு. மேலே வெட்டிப் போட்ட உண்ணிச்செடி, அதன் கீழே நீலத் தார்ப்பாய். சம்பங்கி தார்ப்பாயை உரித்தார்.

இரும்பு அச்சு எண்ணெய்ப் பளபளப்போடு வெயிலில் கண் சிமிட்டியது.

ஹரீஷ்குமார்தான் முதலில் பேசினார். இதுதான், இதேதான் என்றார். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். நம்பவே முடியவில்லை, ஆனந்த் இவ்வளவு தூரம் போவான் என்று கனவிலும் நினைக்கவில்லை என்றார். விடுமுறையில் சாவி போட்டுத் திறந்து, டெம்போவில் ஏற்றி, குவாரி லாரிகள் ஓடிய பழைய கல் ரோடு வழியாகச் சுற்றி இங்கே கொண்டுவந்து, அந்தப் பக்கம் இறக்கப் பார்த்திருக்கிறான். பந்த் வந்து லாரி வராமல் மாட்டிக்கொண்டான். மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்.

"பேச்சி, தாகமா இருக்குது," என்றார் சம்பங்கி. "தண்ணி பாட்டிலை அந்தத் திருப்பத்துப் பாறையில வச்சிட்டு வந்துட்டமில்ல. எடுத்துட்டு வாம்மா."

தண்ணி பாட்டில் பேச்சியம்மாளின் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதை முந்தானையால் மூடிக்கொண்டு, சரி என்று இறங்கினாள். ரோமிங்கில் பேசினால் அவள் போனில் இருந்த பாக்கி ஒரு ஹலோவுக்குத் தாங்காது. பாறையைத் தாண்டித் தமிழ்நாட்டு டவர் வந்ததும் சப்-இன்ஸ்பெக்டர் காவேரியைக் கூப்பிட்டாள். டை கிடைத்துவிட்டது, கல் ரோடு வழியாக ஜீப்பில் வாருங்கள், ஆனந்தையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். திருடன் யார் என்று காவேரி கேட்டார். அண்ணாச்சி இன்னும் விலை சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அவள் திரும்பி வந்தபோது இரண்டு பேரும் டிராலிப் பக்கம் கல்லின் மேல் உட்கார்ந்து சீத்தாப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். சம்பங்கி டையைத் தடவித் தடவிப் பாராட்டிக்கொண்டிருந்தார்.

"உருப்படி நல்ல உருப்படிங்க. எத்தனை வருஷமா உங்க கம்பெனியில இருக்குது?"

தாம் மேனேஜராகச் சேர்ந்த வருஷம் வந்தது என்றார் ஹரீஷ்குமார். அப்புறம் விரல் மடக்கி யோசித்து, "இந்தப் பூஜையோட நாலு பூஜை பாத்தாச்சு," என்றார்.

"நாலு," என்றார் சம்பங்கி. "பேச்சி, நீ லைன்ல இருந்தப்ப பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் யாரு பொட்டு வைப்பா?"

"பொம்பளையாளுகதான். நான்தான் வாளியில சந்தனத்தக் கரைச்சுக்கிட்டுப் போவேன். மறுநா டூல் ரூம் ஆளுக வந்து ஏசுவாங்க. ஈரச் சந்தனம் பட்ட எடத்துல இரும்பு துருப்பிடிச்சிரும். எண்ணெ போட்டுத் தேச்சாலும் தழும்பு போகாது."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே விளங்கிவிட்டது. குனிந்தாள். டையின் பக்கவாட்டில், எண் அடித்த தகட்டுக்கு மேலே, வழக்கமாகப் பொட்டு வைக்கிற இடத்தில், காப்பிக்கொட்டை நிறத்தில் வட்டமான தழும்புகள் வரிசையாக இருந்தன. ஒன்று மங்கல். அடுத்தது கொஞ்சம் தெளிவு. மூன்றாவது போன வருஷத்துது. அதற்குப் பக்கத்தில் இரும்பு கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது.

"மூணுதான் இருக்கு," என்றாள்.

கீழே எங்கேயோ ஒரு மயில் கத்தியது.

"நாலாவது பொட்டு எங்கீங்க, மேனேஜர் சார்?" என்றார் சம்பங்கி. "உங்க கையால வச்சதுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

துடைத்திருப்பான் என்றார் ஹரீஷ்குமார். துடைத்தால் தழும்பு போகாதே என்றாள் பேச்சியம்மாள். அப்படியானால் பூஜையில் இந்த டையை விட்டிருப்பேன், மறந்திருக்கலாம் என்றார். எல்லாவற்றையும்விடக் காஸ்ட்லியானது என்று அதற்குத் தனியாகச் சூடம் காட்டியவராயிற்றே என்றாள் அவள்.

"பொட்டு இல்லைன்னா பூஜைக்கு முன்னமே டை வெளிய போயிருச்சு," என்றார் சம்பங்கி, விதையைத் துப்பிவிட்டு. "பூஜைக்கு முன்ன ஆனந்து சிங்காரப்பேட்டையில மவளுக்குக் காது குத்திகினு இருந்தான். சாவி உங்க கையில. இங்க வந்தவன் வின்ச்சுக்குப் பொட்டு வச்சான், கடப்பாரைக்கு வச்சான், டிராலிச் சக்கரத்துக்குக்கூட வச்சான். இதுக்கு மட்டும் வைக்கல. தன் ஆயுதத்துக்குத்தான் பூஜை போடுவான். களவு மாலுக்கு யாரு போடுவா? அவன் ஒரு பொட்டு வச்சிருந்தான்னா நீங்க தப்பிச்சிருப்பீங்க."

இதெல்லாம் ஊகம், துருவை வைத்துக் கேஸ் போட முடியுமா என்று ஹரீஷ்குமார் சிரிக்க முயன்றார். தாம் இந்த மலையையே இன்றைக்குத்தான் பார்ப்பதாக மறுபடியும் சொன்னார்.

"பேச்சி, சாரோட போனைக் கொஞ்சம் ஆன் பண்ணிக் குடு."

நீலப் பை அவள் பக்கத்தில்தான் கிடந்தது. அவர் எட்டிப் பிடிப்பதற்குள் போன் அவள் கையில் விழித்துக்கொண்டது. பேட்டரிக் கோடுகள் நிறைந்து நின்றன, புதுசாய்ச் சார்ஜ் போட்டதுபோல்.

"பேட்டரி மூக்கு முட்டத் தின்னுட்டுக் கெடக்கு, அண்ணாச்சி."

"மொத மொதல்ல வர்ற எங்களுக்கு, திருப்பம் தாண்டி போன் கத்துனப்பதான் ரோமிங்குன்னு தெரிஞ்சுது," என்றார் சம்பங்கி. "நீங்க அந்தத் தூணுகிட்டயே அணைச்சிட்டீங்க. இங்க வந்து ஒரு தடவை காசு போனவனுக்குத்தான் அந்த இடம் தெரியும். அதுவும் மத்தூர் சந்தைக்காரரு மவன். ரெண்டாந்தரம் விடுவாரா? நான் விடமாட்டேன். அதான் கண்டுபிடிச்சன்."

ஹரீஷ்குமார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அதைக் கழற்றியதும் கூடவே ஆங்கிலமும் கழன்றுவிட்டது. சரிவின் அடியில் காலியாகக் கிடந்த வண்டித் தடத்தை எட்டிப் பார்த்தார். அப்புறம் சன்னமாகச் சொன்னார்:

"நீங்களும் சந்தைக்காரரு. நானும் சந்தைக்காரன் மவன். இது நம்ம ரெண்டு பேருக்குள்ள முடியட்டும். லாரி இப்ப வந்துரும். டையைப் பாக்கலைன்னு இறங்கிப் போயிருங்க. ஆனந்து மேல கேஸ் நிக்காம நான் பாத்துக்கறன்."

சம்பங்கி பேச்சியம்மாளைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். தோளிலிருந்த பச்சைத் துண்டை எடுத்து உதறித் தம் வலதுகை மேல் போட்டுக்கொண்டு, கையை நீட்டினார்.

பேச்சியம்மாளுக்கு மேகலா நாற்காலியில் உட்காராமல் நின்றது ஞாபகம் வந்தது. அண்ணாச்சி என்று கூப்பிட வாயெடுத்தாள். அவர் காது கேட்காதவர்போல் இருந்தார்.

சந்தையில் மாட்டு விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டுக்கு அடியில் கையும் கையும் சேரும். எந்த விரலை எத்தனை அழுத்தினால் என்ன விலை என்பது இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். பக்கத்தில் நிற்கிறவன் மூஞ்சியைப் பார்த்து ஏமாறுவான். மத்தூர்க்காரர் மகனுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஹரீஷ்குமாரின் கை துண்டுக்குள் போயிற்று.

சம்பங்கி தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். துண்டு லேசாக அசைந்தது. மறுபடியும் ஆட்டினார். பாவம், மேனேஜர் ஏறிக்கொண்டே போனார். சம்பங்கி ஒரு தடவை யோசிப்பதுபோல் கண்ணை மூடினார். ஒரு தடவை பெருமூச்சு விட்டார். ஒரு தடவை கோபித்துக்கொண்டு எழுந்துபோகிறவர்போல் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். கை மட்டும் துண்டுக்குள் இருந்தபடியே இருந்தது. இந்தப் பேரத்தை இவர் முடிக்கவே போவதில்லை என்று பேச்சியம்மாளுக்கு உறைத்தபோது, கல் ரோட்டில் ஜீப் கியர் மாற்றி ஏறும் உறுமல் கேட்டது.

ஹரீஷ்குமாருக்கும் கேட்டது. கையை இழுத்தார். வரவில்லை.

"பேரம் படியறதுக்கு முன்ன கையை எடுக்கக்கூடாதுங்க," என்றார் சம்பங்கி, அன்பாக. "உங்கப்பா சொல்லித் தரலையா?"

முரட்டுக் காளைகளின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்த கை அது. மேனேஜர் எழுந்தார், முறுக்கினார், ஒரு தடவை சம்பங்கியோடு சேர்ந்து பாதி வட்டம் சுற்றிக்கூட வந்தார். புது ஷூ புல்லில் வழுக்கியது. சப்-இன்ஸ்பெக்டர் காவேரி வின்ச் ரூமைச் சுற்றி வந்தபோது, இரண்டு பெரிய மனிதர்கள் பச்சைத் துண்டுக்குள் கைகோத்து நிற்பதைத்தான் பார்த்தார்.

"என்ன சம்பங்கி சார், கல்யாணமா?"

"மாமியார் வீட்டுக்கு அனுப்புற வேலைதான் மேடம். மாப்பிள்ளையைப் பிடிச்சுக்குங்க, எனக்குக் கை மரத்துப்போச்சு."

துண்டுக்கு அடியிலிருந்து கை கை மாறியது. டெம்போக்காரன் பெயரையும், அந்தப் பக்கம் லாரி அனுப்புகிறவன் பெயரையும் ஹரீஷ்குமார் ஜீப்புக்குப் போய்ச் சேருவதற்குள் சொல்லிவிட்டார். அவர் போன் அந்த நேரம் பார்த்து அடிக்க ஆரம்பித்தது. லாரிக்காரனாகத்தான் இருக்க வேண்டும். ரோமிங் காசு போனாலும் பரவாயில்லை, எடுத்துப் பேசி லாரியை வரச்சொல்லுங்கள் என்றார் காவேரி.

ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து ஆனந்த் இறங்கி வந்தான். சவரம் செய்யாத முகம், பெஞ்சில் கசங்கிய சட்டை. யாரையும் பார்க்கவில்லை. நேராக டையிடம் போனான், அதன் மேல் விழுந்திருந்த உண்ணிப் பூக்களைப் பொறுக்கிப் போட்டான், சட்டை நுனியால் ஓரங்களைத் துடைத்தான். அப்புறம் என்ன தோன்றியதோ, வின்ச் ரூம் வாசலில் கிடந்த பூசணித் துண்டிலிருந்து குங்குமத்தைத் தொடப் போனான்.

"தம்பி, அதெல்லாம் கேஸ் சாமான்," என்றாள் பேச்சியம்மாள். "இந்த மூணோட இருக்கட்டும். இதக் கோர்ட்டுல காட்டிட்டு, நாலாவது பொட்ட அடுத்த வருசம் சேத்து வச்சுக்கிடலாம்."

ஆனந்த் கையை எடுத்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. வீட்டில் சொன்னீர்களா என்று மட்டும் கேட்டான்.

சம்பங்கி மடியிலிருந்து தம் போனை எடுத்தார். திரையில் கர்நாடகம் எழுந்து நின்று வரவேற்றது. ஒரு நிமிஷம் பார்த்தார். திருப்பத்துப் பாறை வரை இறங்கினால் தமிழ்நாடு, காசு மிச்சம். அவர் பார்வை பாதைப் பக்கம் போய் வந்ததைப் பேச்சியம்மாள் கவனித்தாள். அப்புறம் அவர் போனை ஆனந்தின் கையில் வைத்தார்.

"இங்கருந்தே பேசு."

அந்தப் பக்கம் மேகலா என்ன சொன்னாளோ கேட்கவில்லை. ஆனந்த் வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றான். ஒரு விநாடிக்கு ஒரு தரம் சம்பங்கியின் கண்ணிமை துடித்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஆனந்த் சொன்னான்:

"இல்ல, அழாத. நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்டு. டிபன் கட்டிடு. ஆமா, கேட்டு வழியாத்தான் போவேன்."

பேச்சியம்மாள் தோளிலிருந்த பாட்டிலைத் திறந்து முதல் மடக்கைத் தான் குடித்துவிட்டு, மீதியைச் சம்பங்கியிடம் நீட்டினாள்.

"குடிங்க அண்ணாச்சி. இந்தத் தண்ணிக்கு ரோமிங் இல்ல."